சுறாத்தோலும் சித்தப்பா படகும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் என்னைப் பிடித்தபோது, "கவிதை வேண்டுமா, கட்டுரை வேண்டுமா?" என்று கேட்டேன். "கவிதை மூட்டை கட்டி வெச்சிருக்கேன். அத்தனையும் காதல். நீயாவது உருப்படியா எழுதுப்பா" என்றார். உருப்படியாக எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது நான் செய்த ஒரு தப்பு. அந்தத் தப்பில் என் சித்தப்பாவுக்குப் பணம் போயிற்று. எனக்குக் கொஞ்சம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வந்தது. இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

கேள்வி இதுதான். ஒரு சின்னப் படகின் அடிப்பக்கத்தைச் சொரசொரப்பாகவோ, குழி குழியாகவோ, கோடு கோடாகவோ செய்தால் தண்ணீரின் தடை குறையுமா? "குறையவே குறையாது, வழுவழுப்பாக இருந்தால்தானே வேகமாகப் போகும்" என்று நீங்கள் சொல்லலாம். அல்லது, "ஏன் குறையாது? கோல்ஃப் பந்தில் குழி இல்லையா? சுறாத்தோல் சொரசொரப்பு இல்லையா?" என்று என்னைப் போலக் கேட்கலாம். இரண்டு பதிலிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எந்த அளவுக்கு என்பதுதான் கட்டுரை.

சான்றிதழ் வந்தது, சனி பிடித்தது

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது வெளியூர்க் கல்லூரி ஒன்றில் நடந்த கருத்தரங்கில் நான் ஒரு கட்டுரை வாசித்தேன். தலைப்பு: 'மேற்பரப்பு அமைப்பால் படகின் தடையைக் குறைத்தல்'. நாலைந்து புத்தகங்களைப் புரட்டி, கோல்ஃப் பந்துப் படம் ஒன்று, சுறாத்தோல் படம் ஒன்று என்று சார்ட் பேப்பரில் அழகாக வரைந்து எடுத்துப் போனேன். முதல் பரிசு கிடைத்தது. சும்மா சொல்லக்கூடாது, கைதட்டல் நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் வீடு கடலூர் உப்பனாற்றங்கரையில். சித்தப்பாவுக்கு ஒரு ஃபைபர் படகு உண்டு. டீசல் இன்ஜின். என் படிப்புச் செலவில் பாதி அந்தப் படகிலிருந்துதான் வருகிறது. சான்றிதழை வீட்டுச் சுவரில் மாட்டிய அன்று சித்தப்பா அதை நின்று பார்த்தார்.

"இதுல என்னடா எழுதியிருக்கு?"

"படகு அடியைச் சுறாத்தோல் மாதிரி பண்ணினா தண்ணி இழுக்காது, டீசல் மிச்சமாகும் சித்தப்பா."

"மெய்தானா?"

"பரிசே குடுத்திருக்காங்களே!"

அந்த வருடம் படகைக் கரையேற்றி அடிக்கு ரெசின் கோட்டிங் கொடுக்க வேண்டியிருந்தது. ஈரம் காய்வதற்குள் சலித்த சன்ன மணலை அதன் மேல் சீராகத் தூவச் சொன்னது நான்தான். காய்ந்த பிறகு தடவிப் பார்த்தால் அசல் சுறாத்தோல் போலவே இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

படகு தண்ணீரில் இறங்கிய முதல் நாளே சித்தப்பா முகம் சரியில்லை. "என்னமோ அடியில வலை மாட்டினாப்ல இழுக்குதுடா" என்றார். பதினைந்து லிட்டரில் முடிந்த பாடு பதினெட்டு லிட்டர் கேட்டது. அதைவிடப் பெரிய கஷ்டம், கூடப் போன படகுகள் முன்னே வந்து ஏலம் போட்ட பிறகுதான் எங்கள் படகு கரைக்கு வரும். கடைசியில் வரும் மீனுக்கு என்ன விலை கிடைக்கும் என்று கடற்கரைக்காரர்களைக் கேட்டால் தெரியும். ஒரு மாதம் இப்படியே ஓடியது. அந்த செமஸ்டர் பரீட்சைக் கட்டணத்தை அம்மா வேறு இடத்தில் கைமாற்று வாங்கித்தான் கட்டினார்.

நான் எங்கள் ஹைட்ராலிக்ஸ் ஆசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "படகுக்கு ரெனால்ட்ஸ் எண் எவ்வளவு போட்டே?"

போடவே இல்லை. பரிசு கொடுத்தவர்களும் கேட்கவில்லை.

தண்ணீர் ஏன் பிடித்து இழுக்கிறது?

படகு போகும்போது தண்ணீர் அதை முக்கியமாக இரண்டு வழியில் தடுக்கிறது. ஒன்று, அலை. படகு தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும்போது அணியத்திலும் அமரத்திலும் அலை எழுகிறதே, அந்த அலையை உண்டாக்கும் சக்தி இன்ஜினிலிருந்துதான் வர வேண்டும். இரண்டு, உராய்வு. படகின் அடியைத் தண்ணீர் தடவிச் செல்வதால் வரும் தடை. மேற்பரப்பை எப்படி மாற்றினாலும் இந்த இரண்டாவதில்தான் கை வைக்க முடியும். அலைத்தடை படகின் நீளத்தையும் வடிவத்தையும் வேகத்தையும் பொறுத்தது. பெயின்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உராய்வு எங்கே நடக்கிறது? 1904-ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த லுட்விக் பிராண்டில் இதற்கு ஒரு தெளிவான விளக்கம் கொடுத்தார். படகின் மேல் ஒட்டியிருக்கும் தண்ணீர்த் துளி படகோடு கூடவே போகிறது. கொஞ்சம் தள்ளி இருக்கும் தண்ணீர் சும்மா நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் வேகம் படிப்படியாக மாறும் ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. அதற்கு எல்லை அடுக்கு என்று பெயர். எட்டு மீட்டர் படகு மணிக்கு 11 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போனால், அணியத்தில் ஒன்றுமில்லாமல் தொடங்கும் இந்த அடுக்கு அமரத்துக்கு வரும்போது ஒன்பது, பத்து சென்டிமீட்டர் கனத்துக்கு வளர்ந்துவிடும்.

இந்த அடுக்குக்குள் தண்ணீர் இரண்டு விதமாக ஓடலாம். வரிசையில் நின்று டிக்கெட் வாங்குவது போல அடுக்கடுக்காக ஓடுவது சீரோட்டம். முதல் நாள் முதல் காட்சி கூட்டம் போல ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஓடுவது கொந்தளிப்பு ஓட்டம். எது நடக்கும் என்று சொல்வதுதான் ரெனால்ட்ஸ் எண். 1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டுப் பார்த்தது நமக்கெல்லாம் லேப் பரிசோதனையாகவே இருக்கிறது. வேகத்தை நீளத்தால் பெருக்கி, தண்ணீரின் பாகுநிலை எண்ணால் வகுத்தால் முடிந்தது. தட்டையான பரப்பில் இந்த எண் ஏறத்தாழ 5 லட்சத்தைத் தாண்டினால் சீரோட்டம் கலைந்துவிடும்.

சித்தப்பா படகுக்கு இப்போது போடுங்கள். 3 மீட்டர் வேகம், 8 மீட்டர் நீளம், நம் ஊர் வெதுவெதுப்பான தண்ணீர். விடை சுமார் 2.9 கோடி! 5 லட்சம் எங்கே, 2.9 கோடி எங்கே? அதாவது அணியத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே ஓட்டம் கலைந்து கொந்தளிப்பாகிவிடுகிறது. மீதிப் படகு முழுக்கக் கொந்தளிப்புதான்.

பந்து வேறு, படகு வேறு

இந்த ஒரு எண் தெரிந்திருந்தால் கோல்ஃப் பந்தை நான் சாட்சிக்கு இழுத்திருக்க மாட்டேன்.

பந்து உருண்டையானது. காற்று அதன் முன்பக்கத்தைத் தழுவி வந்து, பின்பக்கம் வளைய முடியாமல் பாதியிலேயே பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது. பின்னால் அகலமான ஒரு சுழல் பகுதி உண்டாகிறது. அங்கே அழுத்தம் குறைவு, முன்னால் அழுத்தம் அதிகம். பந்தைப் பின்னுக்கு இழுப்பது பெரும்பாலும் இந்த அழுத்த வித்தியாசம்தான். உராய்வு அதில் மிகக் கொஞ்சம். குழிகள் என்ன செய்கின்றன? சீராக ஓடும் காற்றை வேண்டுமென்றே கலைத்துவிடுகின்றன. கலைந்த ஓட்டத்துக்குப் பரப்பின் அருகே வேகம் அதிகம் இருப்பதால் அது இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டு போகிறது. சுழல் பகுதி சிறுக்கிறது. தடை ஏறத்தாழ பாதியாகிறது. பிராண்டில் 1914-இல் ஒரு உருண்டையின் மேல் மெல்லிய கம்பி வளையம் ஒன்றைக் கட்டியே இதைக் காட்டினார்.

ஆனால் படகு உருண்டை இல்லை. நீளமாக, இரண்டு பக்கமும் ஒடுங்கி, தண்ணீர் நழுவிப் போவதற்காகவே செய்யப்பட்ட வடிவம். குறைப்பதற்குப் பெரிய சுழல் பகுதியே அங்கே கிடையாது. ஓட்டமும் ஏற்கெனவே கலைந்துவிட்டது. ஏற்கெனவே கலைந்ததைக் குழி வெட்டிக் கலைப்பதில் என்ன லாபம்? உராய்வு கூடுவதுதான் மிச்சம்.

இன்னொரு கண்ணியும் இங்கே இருக்கிறது. மினி புராஜெக்ட் செய்யும் நண்பர்கள் கவனிக்கவும். அரை மீட்டர் பொம்மைப் படகை மெதுவாகத் தொட்டியில் இழுத்தால் அதன் ரெனால்ட்ஸ் எண் 5 லட்சத்துக்குக் கீழே இருக்கும். அங்கே ஓட்டம் சீராகவே இருக்கலாம். அதில் கிடைக்கும் விடையை அப்படியே பெரிய படகுக்குப் பெருக்கினால் தப்பாகப் போய் முடியும். அதனால்தான் கப்பல் மாதிரிகளைச் சோதிக்கும் கூடங்களில் மாதிரியின் முன்பக்கம் மணல் பட்டையோ, சிறு குமிழ் ஆணிகளோ, கம்பியோ வைத்து ஓட்டத்தை வேண்டுமென்றே கலைத்துவிடுகிறார்கள். மாதிரியும் பெரிய கப்பல் போல நடந்துகொள்ள வேண்டுமே!

150 வருடங்களுக்கு முன்பே பார்த்தாயிற்று

நான் மணல் தூவியதை எனக்கு முன்பே ஒருவர் தூவிப் பார்த்திருக்கிறார். அவர் வில்லியம் ஃப்ரூட், இங்கிலாந்தின் பொறியாளர். 1870-களின் தொடக்கத்தில் டார்கீ என்ற ஊரில் தன் வீட்டருகே கடற்படையின் பண உதவியோடு நீளமான தொட்டி ஒன்றைக் கட்டினார். மெல்லிய பலகைகளைத் தண்ணீருக்குள் செங்குத்தாக நிறுத்தி இழுத்து, எவ்வளவு விசை ஆகிறது என்று அளந்தார். வார்னிஷ் பூசிய பலகை, மெழுகு பூசியது, ஈயத்தாள் ஒட்டியது, காடாத் துணி ஒட்டியது, சன்ன மணல், நடுத்தர மணல், பெருமணல் என்று ஒவ்வொன்றாக. பலகை நீளம் 2 அடியிலிருந்து 50 அடி வரை.

அவருடைய அட்டவணையிலிருந்து 20 அடிப் பலகையை மட்டும் சொல்கிறேன். நிமிடத்துக்கு 600 அடி வேகத்தில், சதுர அடிக்கு:

வார்னிஷ் – 0.278 பவுண்டு
காடாத் துணி – 0.531 பவுண்டு
நடுத்தர மணல் – 0.534 பவுண்டு

நிமிடத்துக்கு 600 அடி என்றால் மணிக்கு 11 கிலோமீட்டர். அதாவது ஏறக்குறைய நம் படகு வேகமேதான்! மணல் பூசியதும் உராய்வு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. இந்தப் பக்கத்தைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூங்கில் தராசு

படித்ததை மட்டும் நம்பி ஒரு தடவை ஏமாந்தாயிற்று. இந்த முறை செய்து பார்த்துவிடுவது என்று நானும் என் அறை நண்பன் ஒருவனும் முடிவு செய்தோம். கையில் காசு கிடையாது, விசைமானியும் கிடையாது. ஆனால் முதல் ஆண்டில் படித்த திருப்புத்திறன் விதி இருக்கிறதே!

ஒரு மீட்டர் நீளத்தில், ஒரே எடையில், ஒரே வடிவத்தில் பலகைகள் செய்துகொண்டோம். நாலடி மூங்கில் கழியின் இரண்டு முனையிலும் இரண்டு பலகைகளைக் கயிற்றில் கட்டினோம். மூங்கிலின் நடுவில் இன்னொரு கயிறு கட்டி இழுத்தோம். இரண்டு பலகைக்கும் தடை சமமாக இருந்தால் மூங்கில் குறுக்காக நேராக நிற்கும். ஒன்றுக்குத் தடை அதிகம் என்றால் அந்தப் பக்கம் பின்னால் போகும். அப்போது இழுக்கும் கயிற்றை அந்தப் பக்கமாக நகர்த்தி நகர்த்தி மூங்கிலை நேராக்க வேண்டும். மளிகைக் கடைத் தராசு போலத்தான். 120 சென்டிமீட்டர் கழியில் 66-க்கு 54 என்ற இடத்தில் நேரானால், 66-ஐ 54-ஆல் வகுக்கக் கிடைக்கும் 1.22 மடங்குதான் தடை வித்தியாசம்.

முதல் நாள் படகின் பின்னால் கட்டி இழுத்தோம். மூங்கில் பேய் பிடித்தது போல ஆடியது. புரொப்பல்லர் கிளறிவிடும் தண்ணீரில் எந்தப் பலகைதான் ஒழுங்காக வரும்? மறுநாள் படகின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கழியை நீட்டி, கலங்காத தண்ணீரில் இழுத்தோம். வேகம் ஓட்டமும் நடையுமாகப் போகிற அளவு. ஒவ்வொரு தடவையும் பலகைகளை இடம் வலம் மாற்றிக் கட்டி மறுபடியும் பார்த்தோம். தப்பு மூங்கிலில் இருக்கிறதா, பலகையில் இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

பார்த்தது இவ்வளவு:

ஒன்று. வழுவழுப்பான பலகைக்கு எதிரே மணல் பலகை. மணல் பலகை உடனே பின்தங்கியது. நேராக்கக் கயிற்றை நடுவிலிருந்து நாலு விரற்கடை நகர்த்த வேண்டியிருந்தது.

இரண்டு. 600 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்த பலகைக்கு எதிரே மெழுகு போட்டு முகம் தெரிய மெருகேற்றிய பலகை. மூங்கில் அசையவே இல்லை. இரண்டும் ஒன்றுதான்!

மூன்று. ஆக்சா பிளேடால் நீளவாக்கில் கோடு கோடாகக் கீறிய பலகை. சுறாத்தோலில் வரிப்பள்ளம் இருக்கிறது என்று படித்ததால் இதைச் செய்தோம். கொஞ்சம்தான், ஆனால் பின்தங்கியது.

நாலு. மூன்று வாரம் உப்பனாற்றில் ஊறப்போட்டுப் பாசி பிடிக்கவைத்த பலகை. இதுவும் பின்தங்கியது. கையால் தொட்டால் வழுக்குகிறது, தண்ணீருக்கு மட்டும் வழுக்கவில்லை.

இரண்டாவது சோதனைக்கு விளக்கம் இருக்கிறது. கொந்தளிப்பு ஓட்டத்திலும் பரப்பை ஒட்டி மிக மெல்லிய ஓர் அமைதியான படலம் இருக்கும். சித்தப்பா படகின் வேகத்தில் அதன் கனம் 0.04 மில்லிமீட்டர் அளவு, ஒரு தாளில் பாதிகூட இல்லை. பரப்பின் மேடு பள்ளம் அந்தப் படலத்துக்குள் மூழ்கிக் கிடந்தால் வெளியே ஓடும் தண்ணீருக்கு அது இருப்பதே தெரியாது. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் 0.03 மில்லிமீட்டருக்குக் குறைந்த சொரசொரப்பு தடையைக் கூட்டாது என்று கணக்கு சொல்கிறது. 600 நம்பர் பேப்பரின் கீறல் அதைவிடச் சின்னது. நான் தூவிய மணலோ அந்தப் படலத்தைப் போல ஆறேழு மடங்கு உயரம். பாய்க்குள் படுத்திருப்பவன் யாருக்கும் தெரியமாட்டான், நடு ரோட்டில் நிற்பவன் மேல் எல்லோரும் மோதத்தான் செய்வார்கள்.

அப்படியானால் சுறா பொய் சொல்கிறதா?

இல்லை. சுறா சரியாகத்தான் சொல்கிறது. நான்தான் தப்பாகக் கேட்டேன்.

சுறாத்தோலைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் வழுவழுப்பு, திருப்பித் தடவினால் கையைக் கிழிக்கும். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இது தெரியும். அதில் பல் போன்ற நுண்ணிய செதில்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொரு செதிலிலும் ஓட்டத்தின் திசையில் மெல்லிய வரப்புகள். சொரசொரப்பு வேறு, இந்த வரப்பு வேறு. இதுதான் எனக்குப் புரியாமல் போனது.

கொந்தளிப்பு ஓட்டத்தில் பரப்பை ஒட்டி, ஓடும் திசையிலேயே நீளமான சின்னச் சின்னச் சுழல்கள் உருள்கின்றன. அவை மேலே இருக்கும் வேகமான தண்ணீரைக் கீழே இழுத்துப் பரப்பில் மோதவிடுகின்றன. வரப்புகள் சரியான அளவில் இருந்தால் இந்தச் சுழல்கள் வரப்பின் உச்சியிலேயே தங்கிவிடும். இடையில் உள்ள பள்ளத்தில் தண்ணீர் ஏறக்குறைய சும்மா கிடக்கும். பரப்பளவு கூடினாலும் உராய்வு குறைகிறது. அமெரிக்காவின் நாசா ஆய்வுக்கூடத்தில் 1970-களின் கடைசியிலும் 1980-களிலும் மைக்கேல் வால்ஷ் முதலியோர் இதை அளந்து காட்டினார்கள். மிக நல்ல நிலையில் 8 சதவீதம் வரை உராய்வு குறைந்தது.

ஆனால் அளவு தப்பக்கூடாது. சித்தப்பா படகின் வேகத்துக்கு வரப்புக்கு வரப்பு இடைவெளி 0.12 மில்லிமீட்டர் அளவும் உயரம் அதில் பாதியும் வேண்டும். இடைவெளி இரண்டு மடங்கானால் லாபம் போய்விடும். அதற்கு மேல் போனால் சுழல்கள் பள்ளத்துக்குள்ளேயே இறங்கித் தடையைக் கூட்டும். எங்கள் ஆக்சா பிளேடுக் கோடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அது ஏன் தோற்றது என்று இப்போது புரிகிறதல்லவா? திசையும் முக்கியம். ஓட்டத்துக்கு 30 டிகிரி சாய்ந்துவிட்டால் பலன் ஏறக்குறைய முழுதும் போய்விடும்.

இது ஏட்டுச் சுரைக்காய் மட்டுமல்ல. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் நால்வர் துடுப்புப் படகு இத்தகைய வரிப்பள்ளப் படலம் ஒட்டிப் போட்டியிட்டு வெள்ளி வென்றது. 1987-இல் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமான்டிலில் நடந்த அமெரிக்கக் கோப்பைப் பாய்மரப் போட்டியில் டென்னிஸ் கானரின் 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' படகின் அடியில் 3எம் நிறுவனத்தின் படலம் ஒட்டியிருந்தது. அது 'குக்கபரா 3' படகை 4–0 என்று வென்றது. வெற்றிக்குப் படலம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பாய்மரப் போட்டி விதியிலும் துடுப்புப் போட்டி விதியிலும் இத்தகைய பரப்புகளுக்குத் தடை வந்துவிட்டது. பலனே இல்லாததை யாராவது தடை செய்வார்களா? விமானத்திலும் இது வந்துவிட்டது. 2022 முதல் சில போயிங் 777 விமானங்களில் இத்தகைய படலம் ஒட்டுகிறார்கள். மிச்சமாகும் எரிபொருள் ஒரு சதவீத அளவுதான். விமானத்துக்கு அந்த ஒரு சதவீதமே பெரிய பணம்.

சுறாத்தோல் போல என்று பெயர் வைத்தால் எல்லாம் சுறாத்தோல் ஆகிவிடாது. 2012-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் லாடரும் அவர் மாணவரும், சுறாத்தோல் என்று விளம்பரமான நீச்சலுடைத் துணியைச் சோதித்தார்கள். அதன் வரிகளால் சீரான பலன் எதுவும் தெரியவில்லை. அசல் சுறாத்தோலின் செதில்களைத் தேய்த்து எடுத்தபோதோ, அந்தத் தோலின் நீந்தும் வேகம் குறைந்தது. நெளிந்து நீந்தும் உடம்பில்தான் அந்தப் பலன் தெரிந்தது. நம் ஃபைபர் படகு நெளியாது.

கணக்கு என்ன சொல்கிறது?

எட்டு மீட்டர் படகு, தண்ணீரில் நனையும் பரப்பு 12 சதுர மீட்டர், வேகம் நொடிக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சூத்திரத்தில் போட்டால்:

சுத்தமான வழுவழுப்பு அடி – உராய்வு சுமார் 140 நியூட்டன்
மிகச் சரியான வரிப்பள்ளம் – சுமார் 129 நியூட்டன்
அரை மில்லிமீட்டர் மணல் போன்ற சொரசொரப்பு – சுமார் 250 நியூட்டன்

மொத்தத் தடையில் உராய்வு பாதி, அலை பாதி என்று கொண்டால், உலகத்திலேயே சிறந்த படலம் ஒட்டினாலும் மிச்சம் 4 சதவீதம். அடி கெட்டுப்போனால் நஷ்டம் 40 சதவீதத்தை நெருங்குகிறது. லாபம் ஒரு கைப்பிடி, நஷ்டம் ஒரு கூடை!

அந்த 4 சதவீதமும் நிற்குமா? 0.12 மில்லிமீட்டர் பள்ளம் உப்பனாற்றில் சில நாளிலேயே பாசியால் அடைந்துபோகும். கரையேற்றும்போது மணலில் தேய்ந்துபோகும். ஒரு நாள் போட்டிக்கு ஒட்டி மறுநாள் உரிப்பவனுக்குச் சரி. தினம் தொழிலுக்குப் போகிறவனுக்கு ஆகாது.

உண்மையான எதிரி பாசியும் சிப்பியும்தான். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியின் மைக்கேல் ஷுல்ட்ஸ் 2007-இல் ஒரு போர்க்கப்பலுக்குப் போட்ட கணக்கில், கனத்த பாசிப் படலத்துக்கே 20 சதவீத அளவு கூடுதல் சக்தி தேவைப்பட்டது. சிப்பிகள் முழுதாக மூடிவிட்டால் 80 சதவீதத்துக்கும் மேல்.

ஆகவே சிறு படகு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது சின்ன விஷயம்தான். அடியைச் சுத்தமாக வையுங்கள். கீறலையும் குழியையும் பட்டி போட்டு அடையுங்கள். வாட்டர் பேப்பரில் கடைசியாக 400 அல்லது 600 நம்பர் போதும். கண்ணாடி போல மினுக்குவதற்குக் காசு செலவழிக்க வேண்டாம், தண்ணீருக்கு அந்த மினுமினுப்பு தெரியாது. அணியத்தின் முதல் சில அடிகளை இன்னும் கவனமாகப் பாருங்கள். எல்லை அடுக்கு மெல்லியதாக இருக்கும் இடம் அதுதான், சின்னச் சொரசொரப்பும் அங்கே அதிகம் உறைக்கும்.

கடைசியாக

சித்தப்பா படகை மறுபடி கரையேற்றினோம். நானும் நண்பனும் இரண்டு நாள் கிரைண்டர் பிடித்தோம். தூவியது பத்து நிமிட வேலை, எடுத்தது இரண்டு நாள் வேலை. பிறகு பட்டி பார்த்து, கோட்டிங் கொடுத்து, வாட்டர் பேப்பர் போட்டு இறக்கினோம். பதினைந்து லிட்டர் கணக்கு திரும்பி வந்தது. இப்போது வாரம் ஒரு தடவை தேங்காய் மட்டையை வைத்து அடியைத் தேய்ப்பது என் வேலை. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் முதலில் அதுதான் காத்திருக்கும்.

"எங்க அப்பா காலத்து மரப்படகுக்கு மீனெண்ணெய் பூசித் தேய்ச்சு வழவழன்னு வெச்சிருப்பாரு. அவரு எந்தப் பரிசும் வாங்கல" என்றார் சித்தப்பா ஒரு நாள். எனக்குச் சுருக்கென்றது. உடனே அவரே, "ஆனா ஏன்னு அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல, விடு" என்றும் சொன்னார்.

நண்பர்களே, நாமெல்லாம் நாளைக்கு ஏதோ ஒரு பட்டறையிலோ தொழிற்சாலையிலோ நிற்கப் போகிறோம். 'டிப்ளமா படிச்ச தம்பி சொல்றான்' என்று நம் பேச்சை நம்பி யாராவது காசு போடுவார்கள். படம் அழகாக இருக்கிறது, இயற்கையே அப்படித்தான் செய்கிறது என்பதெல்லாம் போதாது. எந்த அளவில், எந்த வேகத்தில், எவ்வளவு லாபம் என்று ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வோம். முடிந்தால் ஒரு மூங்கிலில் கட்டி இழுத்துப் பார்த்துவிட்டுச் சொல்வோம்.

அந்தச் சான்றிதழ் இன்னும் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது. கழற்ற வேண்டாம் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். ஆனால் அதன் பின்பக்கம் பென்சிலால் ஓர் எண் எழுதி வைத்திருக்கிறேன்: 2.9 கோடி.

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை